பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கிய ஊர்கள்

அரசாங்கத் தமிழில் டெண்டருக்கு ஒப்பந்தப்புள்ளி என்று பெயர், கொட்டேஷனுக்கு விலைப்புள்ளி. இரண்டிலும் ஒரு புள்ளி இருக்கிறது. நடைமுறையில் அது ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவே வைக்கும் புள்ளியாகவே வேலை செய்கிறது. பாடியில் தொடங்கி கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் வழியாக ஆவடி வரை நீளும் லேத்துப் பட்டறைகளிலும் கிரைண்டிங் கூடங்களிலும் இந்த இரண்டு சொல்லுமே புழக்கத்தில் இல்லை. அங்கே டெண்டர் திறந்த மறுநாள் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: எல்-ஒன் யாரு? குறைந்த விலை போட்டவர் யார் என்பதே அதன் பொருள். சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்த ஆண்டு எந்த ஆலை வந்தது, யார் அடிக்கல் நாட்டினார் என்று எழுதுகிறார்கள். அந்த ஆலைகள் தங்களுக்கு வேண்டியதை யாரிடம், என்ன கேட்டு, எப்படி எடைபோட்டு வாங்கின என்பதை எழுதுவதில்லை. என் கணிப்பில் இந்த வட்டாரம் எதில் தேறியது, எதில் தேங்கியது என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கும். ஒரே ரயில் பாதையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள், வாங்கும் முறைகள் இரண்டு வளர்ந்தன. அம்பத்தூர்ச் சிறுதொழில் இரண்டுக்கும் சரக்கு செய்தது. அதற்குத் தொழில் கற்றுக்கொடுத்தது அவற்றில் ஒன்றுதான்.

விலையை மட்டும் பார்ப்பது நம் ஊரின் பழைய வழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே இந்தக் கரையில் இடம் பிடித்ததற்குப் பெரிய காரணமே துணி. லண்டனிலிருந்து இன்ன ரகம், இத்தனை என்று பட்டியல் வரும். கோட்டையிலிருந்த கம்பெனிக்காரர்கள் உள்ளூர் வணிகர்களோடு விலை பேசி முன்பணம் கொடுப்பார்கள். அந்தப் பணம் நெசவாளர் வரை இறங்கும். விலை பேசும்போதே ஒரு மாதிரித் துணி எடுத்து வைக்கப்படும். கம்பெனி ஆவணங்கள் இதை ‘மஸ்டர்’ என்கின்றன. போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல் அது. நம்முடைய ‘ஏலம்’ என்ற சொல்லும் அதே வழியாக வந்ததுதான். சரக்கு கோட்டைக்கு வந்ததும் தரம் பிரிப்பவர்கள் நீளம், அகலம், இழை நெருக்கம் எல்லாவற்றையும் அந்த மாதிரியோடு ஒப்பிட்டார்கள். மட்டமானதற்கு விலையைக் குறைத்தார்கள், அதற்கும் மட்டமானதைத் திருப்பி அனுப்பினார்கள். விலைப் போட்டி நம்பும்படி இருந்ததா என்றால் இல்லை. 1680இல் இறக்கும்வரை காசி வீரண்ணா என்ற ஒரே வணிகரின் கைதான் ஓங்கியிருந்தது. அவருக்குப் பிறகு வணிகர்கள் கூட்டுமுதல் அமைப்பாகச் சேர்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். அதாவது விலை கூறுகிறவர்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள், கம்பெனியும் அதற்குச் சம்மதித்தது. போட்டியே இல்லாத அந்தச் சந்தையில் கம்பெனியைக் காப்பாற்றியது மாதிரித் துணியும் அதை ஒப்பிடத் தெரிந்த கண்ணும்தான். திருப்பி அனுப்பிய துணியின் நட்டம் கடைசியில் தறியில் உட்கார்ந்தவன் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தானமாக வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கம்பெனி காசு கொடுத்து வாங்கியது. பல்லைப் பிடித்துப் பார்த்தது.

ஆவடிக்கு வருவோம். ஆங்கிலத்தில் கவச வாகனங்களையும் கிடங்கையும் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் இந்தப் பெயர் வந்தது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். சோஷலிச பாணிச் சமுதாயம் பற்றிய தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றிய மாநாடு 1955இல் ஆவடியில் நடந்தது. டேங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது 1961இல். ஊர்ப் பெயருக்கு ஆலை தேவைப்படவில்லை. அந்த மாநாட்டுத் தீர்மானத்துக்கும் இந்த ஆலைக்கும் உறவு உண்டு என்பது வேறு விஷயம். அரசே பெரிய உற்பத்தியாளர், அரசே பெரிய வாடிக்கையாளர் என்ற காலம் அப்போது பிறந்துகொண்டிருந்தது. 1953-54இல் வந்த ஃபோர்டு அறக்கட்டளைக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1955இல் தேசியச் சிறுதொழில் கழகம் தொடங்கப்பட்டது. அரசுக் கொள்முதலில் சிறுதொழிலுக்கு இடம் பிடித்துத் தருவது அதன் வேலைகளில் ஒன்று. அதில் பதிவு செய்த பட்டறைக்கு டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. சில பொருள்களைச் சிறுதொழிலிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற ஒதுக்கீடும் வந்தது. பின்னாளில் அந்தப் பட்டியல் 358 பொருள்களில் வந்து நின்றது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961இல் ஒப்பந்தம் ஆகி, 1965இல் ஆவடியில் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. இடையில் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, ஆயிரம் ஏக்கருக்கு மேல். மிதிவண்டி ஆலை 1949இலேயே அம்பத்தூரில் நிறுவப்பட்டிருந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா என்று 1960களின் தொடக்கத்தில் வரிசையாக வந்தன. ஒரு பக்கம் அரசு ஆலைகள், மறுபக்கம் தனியார் வாகன உறுப்பு ஆலைகள், நடுவில் இரண்டுக்கும் கடைந்து கொடுக்கும் பேட்டை. இப்படி ஓர் அமைப்பு இந்தியாவில் அதிகம் இடங்களில் வாய்க்கவில்லை.

நடுவில் இருந்தவரின் கண்ணால் ஓர் அரசு டெண்டரைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். டிராயிங் வருகிறது, அதில் அளவும் டாலரன்ஸும் உலோகத்தின் தர எண்ணும் இருக்கின்றன. அந்த உறுப்பு எங்கே போய் மாட்டப்போகிறது, எது விட்டுக்கொடுக்கக் கூடாத அளவு, எதைச் சற்றுத் தளர்த்தினால் பாதி விலையில் செய்யலாம் என்பது இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் குறைவு. ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், ஆகவே அதிகாரி யாருக்கும் சொல்வதில்லை. உறை போடுகிறார்கள், திறக்கிறார்கள், எல்-ஒன் தெரிகிறது. சில வேளை அவரையும் அழைத்துப் பேசி இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். சரக்கு போனபின் இன்ஸ்பெக்‌ஷன். ஆவடியில் விலை மட்டுமே பார்க்கப்பட்டது என்று சொன்னால் அநியாயம். பாதுகாப்புத் துறையின் தர உறுதி அமைப்பு அங்கேயே இருக்கிறது, பட்டறையின் எந்திரங்களையும் திறனையும் நேரில் வந்து பார்த்துத்தான் பதிவு கொடுக்கிறது, சோதனையும் கடுமையானது. ஆனால் அந்தச் சோதனை கதவருகே நிற்கும் காவல். தேறாததைத் தள்ளும், ஏன் தேறவில்லை, அடுத்த முறை எப்படித் தேறும் என்று சொல்வது அதன் வேலை அல்ல. சென்ற முறை ஒரு குறையும் இல்லாமல் கொடுத்தவருக்கு இந்த முறை அதற்காக எந்த மதிப்பெண்ணும் இல்லை, தகுதி வாசலைத் தாண்டியபின் எல்லோரும் சமம். அப்படியிருக்க, நல்ல எந்திரத்தில் பணம் போட்டவர் தன் டெண்டரைத் தானே கெடுத்துக்கொள்கிறார். கடன் வட்டி விலையில் ஏறும், எல்-ஒன் கைவிட்டுப் போகும்.

இன்னொன்று, இது எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் வருவதில்லை. பட்டறைக்காரர் போடும் விலையில் வாங்குபவரின் நடத்தையும் அடங்கியிருக்கிறது. பணம் எண்பது நாளில் வருமா, எட்டு மாதத்தில் வருமா என்பது அவருக்குத் தெரியும். அந்த வட்டியைத் தலையில் ஏற்றித்தான் புள்ளி வைப்பார். 2006ஆம் ஆண்டுச் சட்டம் சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அடுத்த டெண்டரும் அதே வாசலில்தான் என்று தெரிந்தவர் வட்டி கேட்டு வழக்குப் போட மாட்டார். ஆகவே எல்-ஒன் என்று நாம் கொண்டாடும் அந்த எண், பொருளின் விலை பாதி, வாங்குபவர் தாமதத்தின் விலை பாதி.

விலையை விடக் கேள்விதான் முக்கியம் என்பதற்கு ஆவடியிலேயே பெரிய சாட்சி நிற்கிறது. அர்ஜுன் டேங்க் திட்டத்துக்கு 1974இல் 15.5 கோடி ரூபாய் அனுமதி கிடைத்தது. ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் அதை வடிவமைக்க வேண்டும். இராணுவம் தனக்கு என்ன தேவை என்று எழுதிக் கொடுத்தது, பிறகு திருத்தியது, மறுபடி திருத்தியது. எடை கூடியது, எஞ்சினுக்கு ஜெர்மனிக்குப் போக வேண்டியிருந்தது, செலவு 305 கோடியைத் தாண்டியது. 124 வண்டிகளுக்கான ஆர்டர் வந்தது 2000இல். முதல் தொகுதி கைமாறியது 2004இல். இடைப்பட்ட முப்பது ஆண்டில் அந்த டேங்குக்கு உறுப்பு செய்து கொடுத்த பட்டறைகள் எத்தனை முறை டிராயிங் மாறுவதைப் பார்த்திருக்கும்! தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கியிருந்தோம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் 2010இல் ராஜஸ்தான் மணலில் ரஷ்ய டி-90க்கு எதிரே நிறுத்திச் சோதித்தபோது அர்ஜுன் தலைகுனியவில்லை. அந்தச் சோதனையால் பெரிய ஆர்டர் கிடைத்துவிடவும் இல்லை. அடுத்த 118 வண்டிகளுக்கு 2021 வரை காத்திருந்தார்கள். கேட்பவருக்கே தனக்கு வேண்டியது என்ன என்ற தெளிவு இல்லாதபோது, எந்த டெண்டர் விதியும் உதவாது.

இப்போது பாடிக்குப் போவோம். 1998இல் பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு டெமிங் பரிசு கிடைத்தது. ஜப்பானில் தரத்துக்காகத் தரப்படும் அந்தப் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் அது. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2004இல் லூகாஸ் டி.வி.எஸ்.; இரண்டும் பாடிக்காரர்கள். பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் சொன்னது என்ன? மேலாளர்களுக்கு அவர் வகுத்த 14 கோட்பாடுகளில் நான்காவது, விலைச் சீட்டை மட்டும் பார்த்து வேலையைக் கொடுக்கும் பழக்கத்தை விடு என்பது. ஒரு பொருளுக்கு ஒரு சப்ளையர், நீண்ட உறவு, மொத்தச் செலவைக் கணக்கில் எடு என்று அதற்கு அவர் விளக்கமும் சொன்னார். பரிசு வாங்க வேண்டுமென்றால் தன் கூடத்தைத் துடைத்தால் போதாது. உறுப்பு வரும் இடமும் சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே ஆலையின் ஆட்கள் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குப் போனார்கள். விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், பத்து லட்சம் உறுப்பில் எத்தனை பழுது, எத்தனை முறை சொன்ன தேதியில் சரக்கு வந்தது, கருவி மாற்ற எத்தனை நிமிடம் என்று கேட்டார்கள். அதற்கெல்லாம் புள்ளி போட்டார்கள். மாதா மாதம் காட்டினார்கள். சப்ளையர் மதிப்பீடு என்ற சொல்லுக்கு இங்கே பொருள் வந்தது அப்போதுதான். தமிழில் புள்ளி என்றால் மதிப்பெண்ணும்தானே. ஆவடியில் புள்ளி விலையைக் குறித்தது, பாடியில் தேர்ச்சியைக் குறித்தது. 1996இல் ஹூண்டாய் பூந்தமல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்து, உலகத் தரத்தில் உறுப்பு கேட்டபோது கொடுக்கத் தெரிந்த கைகள் இங்கே இருந்ததற்கு, இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. தனியார் தன் காசில் வாங்குகிறார். பிடித்தவரிடம் வாங்கலாம், தவறினால் நட்டம் அவருக்கு. அரசு ஊரார் காசில் வாங்குகிறது. தரம், உறவு, நம்பிக்கை என்று கதவைத் திறந்துவிட்டால் அதன் வழியே மச்சானும் மாப்பிள்ளையும் நுழைவார்கள்; விலை ஒன்றுதான் யாராலும் திரிக்க முடியாத அளவுகோல். இதை நான் லேசாகத் தள்ளவில்லை. பம்பாய் விமான நிலையச் சிற்றுண்டிச்சாலை டெண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979இல் சொன்னது இதன் இன்னொரு பக்கம்: தகுதி இது என்று அரசு அறிவித்துவிட்டால், அந்தத் தகுதி இல்லாதவருக்கு வேலையைக் கொடுக்கக் கூடாது. ஐந்து ஆண்டு ஓட்டல் அனுபவம் கேட்டுவிட்டு கேன்டீன் நடத்தியவருக்குக் கொடுத்திருந்தார்கள். கொள்கையைச் சொன்ன நீதிமன்றம், வழக்குப் போட்டவர் தாமதமாக வந்ததையும் வேறு சிலவற்றையும் காட்டி அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யாமல் விட்டது தனிக் கதை. தமிழ்நாடு 1998இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்தபோதும் நோக்கம் இதுவே: எல்லோருக்கும் தெரியும்படி கேள், சொன்ன அளவுகோலால் அள, குறைந்த விலைக்குக் கொடு, கொடுக்காவிட்டால் காரணம் எழுது. அதற்கு முன் இருந்த இருட்டோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் விலையைத் திரிக்க முடியாது என்பது மட்டும் உண்மை இல்லை. டி.ஜி.எஸ். அண்ட் டி. என்று தொழில்காரர்கள் அழைத்த மத்தியக் கொள்முதல் இயக்ககம், கேன்வாஸ் துணியில் ரப்பர் அடி வைத்த பூட்ஸுக்கு ரேட் கான்ட்ராக்ட் கேட்டது. 11 நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே விலையைப் போட்டன. வெவ்வேறு ஊர், வெவ்வேறு செலவு, விலை மட்டும் அண்ணன் தம்பி. இந்தியப் போட்டி ஆணையம் 2013இல் அவற்றுக்கு அபராதம் விதித்தது. காசி வீரண்ணாவுக்குப் பின் வந்த கூட்டுமுதலுக்கும் இதற்கும் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு இடைவெளி, உத்தி ஒன்றுதான். விலையைத் தவிர வேறெதையும் பார்க்காத முறையில், விற்பவர்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதும் ஒரே ஒரு எண்தான். பல அளவுகோல் இருந்தால் கூட்டுச் சதி கடினமாகிறது. தகுதி நிபந்தனையை ஒருவருக்குப் பொருந்தும்படி தைத்துவிட்டால், அதற்குப்பின் திறக்கும் விலை உறை வெறும் சடங்கு என்பதும் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அளவுகோல்களை முன்கூட்டியே எழுதி, மதிப்பெண்ணைப் பின்னர் வெளியிட்டால் மச்சானுக்கு வழி குறையும். மறுப்பாளர்கள் அஞ்சுவது தர மதிப்பீட்டைக் கண்டு. அஞ்ச வேண்டியது மூடிய கதவுக்குள் நடக்கும் தர மதிப்பீட்டைக் கண்டு.

தனியாரைப் புகழ்ந்து முடிப்பதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பொருளுக்கு ஒரு சப்ளையர் என்ற நீண்ட உறவு, சப்ளையருக்கு ஒரே ஒரு முதலாளி என்றும் ஆகிவிடுகிறது. 2019இல் வாகனச் சந்தை சரிந்து பெரிய ஆலைகள் வேலை நாளைக் குறைத்தபோது, அம்பத்தூரில் அவற்றை மட்டும் நம்பியிருந்த பட்டறைகள் முதலில் அடிபட்டன. ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்று வாகனத் தொழிலில் உள்ள எழுதாத விதி, எல்-ஒன்னை விட இரக்கமானது என்று சொல்ல முடியாது. ரயில்வேக்கும் ஆவடிக்கும் கொஞ்சம் ஆர்டர் வைத்திருந்தவர்கள் அப்போது மூச்சுவிட்டார்கள். ஆக, அரசு வாங்குவதை நிறுத்த வேண்டும் என்பது வாதம் ஆகாது. அரசும் கற்றுக்கொடுக்கும் வாடிக்கையாளராக மாற வேண்டும்.

2012 முதல் சிறுதொழிலுக்கான மத்தியக் கொள்முதல் ஆணை நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதம், 2018க்குப் பின் 25 சதவீதம் சிறுதொழிலிடம் வாங்க வேண்டும். எல்-ஒன்னை விட 15 சதவீதம் வரை கூடுதலாகப் போட்ட சிறுதொழில், விலையை எல்-ஒன்னுக்கு இறக்கிக்கொண்டால் ஆர்டரில் ஒரு பங்கு பெறலாம். நல்ல சலுகைதான், ஆனால் அதன் நங்கூரமும் எல்-ஒன் தான். அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையச் சந்தை 2016இல் வந்தது, அடுத்த ஆண்டே டி.ஜி.எஸ். அண்ட் டி. மூடப்பட்டது, உறை திரையாக மாறியது, கேள்வி மாறவில்லை. பூந்தமல்லியில் பணிமனை அமைத்திருக்கும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடன் வந்திருக்கிறது. இத்தகைய வங்கிகள் நெடுங்காலமாகக் குறைந்த விலை என்று சொல்வதில்லை, மதிப்பிட்டபின் குறைந்த விலை என்கின்றன. ஒரு சொல் கூடுதல், அந்த ஒரு சொல்லில் பராமரிப்புச் செலவும் ஆயுளும் அடங்கும். நம் நிதி அமைச்சகமும் 2021 அக்டோபரில் ஓர் அடி நகர்ந்தது: தரம் முக்கியமான டெண்டர் என்று அறிவித்தால், விலை அல்லாத அளவுகோல்களுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் தரலாம். அந்த அனுமதி கட்டுமான வேலைகளுக்கும் சேவைகளுக்கும் உரியது. அம்பத்தூரில் கடைந்து ஆவடிக்குப் போகும் பல்சக்கரம் கொள்முதல் விதியில் ‘பொருள்’ என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதற்கு அந்த 30 பொருந்தாது.